உழவு யந்திரத்தின் எண்ணெயை முறைப்படி மாற்றுதல்

ஊருக்குப் பொதுவான பொருளுக்கு ஊரார் அனைவரும் உடையவர்கள். ஆயினும் அதைக் கவனிப்பவர் ஒருவரும் இல்லாமற்போவது பல இடங்களிலும் காணப்படுகிறது. தமது சொந்த மாட்டுக்கு வேளை தவறாமல் தண்ணீர் காட்டும் விவசாயி, சங்கத்திலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த டிராக்டரில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. டிராக்டரை ஓட்டுபவர் அதைச் சங்கத்தின் பொறுப்பென்று எண்ணுகிறார். சங்கத்தார் அதை ஓட்டுபவரின் பொறுப்பென்று எண்ணுகின்றனர். இவ்விருவருக்கும் இடையே எஞ்சின் தேய்ந்து அழிகிறது.

1904-ஆம் ஆண்டில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்த உடனே, அவ்வாண்டிலேயே, பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் திரூர் என்னும் கிராமத்தில் விவசாயிகளின் சங்கமும், பெரிய காஞ்சிபுரத்தில் நகரவாசிகளின் சங்கமும் பதிவாயின. வட்டிக் கடையினின்று குடியானவரை மீட்பதே அன்று முதல் நோக்கமாயிருந்தது. இன்று தமிழ்நாட்டின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவும் கடன் கொடுப்பதோடு நில்லாமல், டிராக்டர் முதலிய கருவிகளை வாங்கி வைத்து அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. ஆகையால் யந்திரப் பராமரிப்பும் சங்க வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

உத்திரமேரூர் வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று போகங்களுக்கும் உழவு உண்டு. சேற்றுழவுக்கு எல்லாரும் ஒரே வாரத்தில் வண்டி கேட்பர். நாற்று வயது ஏறிக்கொண்டிருக்கும் அவ்வாரத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், பழுது பார்க்கும் செலவு ஒரு நஷ்டம்; முற்றிய நாற்றை நட்டுக் குறைந்த மகசூல் காண்பது அதனினும் பெரிய நஷ்டம். புதிய எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். எஞ்சினைப் பிரித்து பிஸ்டன், ரிங், பேரிங் முதலியவற்றை மாற்றுவதற்கு அதைப்போல் பல மடங்கு ஆகும். எனவே, எண்ணெய் மாற்றும் முறையை ஓட்டுபவர் மட்டுமன்றி அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். இங்கே டிராக்டரைக் குறித்துக் கூறப்படுபவை, அளவும் கால வரையும் தவிர, மோட்டார் காருக்கும் சுமை வண்டிக்கும் கிணற்றடி டீசல் எஞ்சினுக்கும் பொருந்தும்.

எண்ணெய் செய்யும் வேலை

எஞ்சினுக்குள் இரும்பு இரும்போடு உராயாதபடி மெல்லிய படலமாக நின்று காப்பது எண்ணெயின் முதல் வேலை. பிஸ்டனிலும் பேரிங்கிலும் உண்டாகும் சூட்டை வாங்கிக் கீழேயுள்ள எண்ணெய்த் தொட்டிக்குக் கொண்டு வருவது இரண்டாவது. எரிந்த டீசலின் கரியையும் தேய்ந்த உலோகத் துகளையும் சுமந்து சென்று வடிகட்டியில் சேர்ப்பது மூன்றாவது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள சந்தை அடைத்து அழுத்தம் கசியாமல் தடுப்பது நான்காவது. உள்ளுறுப்புக்களில் துரு ஏறாமல் காப்பது ஐந்தாவது. இவ்வளவு வேலைகளையும் ஓய்வின்றிச் செய்யும் எண்ணெய், வண்டிச் சக்கரத்து அச்சுக்கு இடும் மசகு போன்றதன்று. அதில் அழுக்கைக் கரைத்து ஏந்தும் சரக்குகளும், அமிலத்தை முறிக்கும் சரக்குகளும், நுரையை அடக்கும் சரக்குகளும் கலந்திருக்கின்றன.

எண்ணெய் கெடும் விதம்

தொட்டியில் எண்ணெய் குறையாமல் இருக்கிறதே, அதை ஏன் மாற்றவேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. எண்ணெய் அளவிற் குறையாமலே குணத்திற் குறையும். டீசல் எரியும்போது உண்டாகும் கரி அதில் நாளுக்கு நாள் சேர்கிறது. எரிதலில் பிறக்கும் அமிலங்களை முறித்து முறித்து அதிற் கலந்த சரக்குகள் தீர்ந்துபோகின்றன. சூட்டினாலும் காற்றினாலும் எண்ணெய் தடித்துப் பிசினாகிறது. சித்திரை மாதத்துப் புழுதி உழவில் காற்று வடிகட்டி சரியில்லாவிட்டால், நுண்ணிய மணல் உட்புகுந்து எண்ணெயைச் சாணை மாவாக மாற்றிவிடுகிறது. இத்தகைய எண்ணெயின்மேல் புதிய எண்ணெயை ஒரு லிட்டர் ஊற்றி நிரப்புவது, தூர்ந்த ஏரியில் தூர் வாராமல் கரையை மட்டும் உயர்த்துவதற்கு ஒப்பாகும்.

நிறத்தைப் பற்றி ஒரு தவறான கருத்தும் உலவுகிறது. டீசல் எஞ்சினில் புதிய எண்ணெய் சில மணி நேர ஓட்டத்திலேயே கறுத்துவிடும். அது கெட்டதற்கு அடையாளமன்று; உள்ளே படிந்திருந்த கரியை எண்ணெய் கரைத்து ஏந்திக்கொண்டது என்பதற்கே அடையாளம். ஆகையால் கறுப்பைக் கண்டு அவசரமாக மாற்றுவதும், கறுப்பு குறைவாயிருப்பதைக் கண்டு காலங்கடத்துவதும் ஒருங்கே பிழையாகும். மணிக் கணக்கே சரியான வழிகாட்டி.

மாற்றவேண்டிய காலம்

ஒவ்வொரு வண்டிக்கும் அதைச் செய்த கம்பெனியார் கைப்புத்தகம் தந்திருக்கின்றனர். அதிற் கண்ட கணக்கே முடிவானது. பொதுவாக, புதிய டிராக்டருக்கு முதல் 50 மணி நேர ஓட்டத்திற்குப் பின் ஒரு முறை மாற்றப்படுகிறது. பின்னர்ப் பல வண்டிகளுக்கு 250 மணிக்கு ஒரு முறையும், பழைய வகை வண்டிகளுக்கு அதனினும் முன்னதாகவும் மாற்றவேண்டும். நாள் ஒன்றுக்கு 5 மணி நேரம் ஓடும் வண்டிக்கு 250 மணி என்பது 50 நாள் வேலையே. உழவும், கரும்புச் சுமையும், டிரெயிலர் ஓட்டமும் சேர்ந்தால் இக்கணக்கு எதிர்பார்ப்பதற்கு முன்பே நிறைந்துவிடும்.

மணி காட்டும் மீட்டர் பழுதாயிருப்பின் அதைச் சரிசெய்வதே முதற் கடமை. அதுவரையில் டீசல் கணக்கைக் கொண்டு மதிப்பிடலாம். மணிக்குச் சுமார் 4 லிட்டர் டீசல் செலவாகும் வண்டியில் 1000 லிட்டர் செலவானால் 250 மணி நேரம் ஓடியதாகக் கொள்க. வண்டி அதிகம் ஓடாமல் கொட்டகையிலேயே நின்றாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது எண்ணெயை மாற்றவேண்டும். ஈரமும் அமிலமும் நின்ற வண்டியையும் அரிக்கும். பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அதுவே கெடு.

எண்ணெயைத் தெரிந்தெடுத்தல்

டப்பாவின்மேல் இரண்டு குறிகள் காணப்படும். முதலாவது எஸ்.ஏ.இ. என்னும் எழுத்துக்களுடன் வரும் எண். அது எண்ணெயின் தடிமனைக் குறிப்பது. 15டபிள்யூ-40 என்றிருப்பின், டபிள்யூ என்னும் எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதையும், பின்வரும் 40 என்பது 100 டிகிரி சூட்டில் அதன் தடிமன் எவ்வளவு என்பதையும் காட்டும். இரண்டாவது குறி ஏ.பி.ஐ. என்பது. அது எண்ணெயின் தரத்தைக் குறிப்பது. டீசல் எஞ்சினுக்குரிய தரங்கள் சி.எச்.-4, சி.ஐ.-4 என்றாற்போல் ‘சி’ என்னும் எழுத்திலும், பெட்ரோல் எஞ்சினுக்குரியவை ‘எஸ்’ என்னும் எழுத்திலும் தொடங்கும். கைப்புத்தகம் கேட்கும் எண்ணையும் தரத்தையும் தவிர வேறொன்றை, விலை மலிவென்பதற்காக வாங்கலாகாது. கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் உரிய எண்ணெய் வேறு. அதை எஞ்சினுக்கு ஊற்றலாகாது.

டப்பாவின் முத்திரை உடையாதிருத்தல் வேண்டும். சில்லறையாக அளந்து விற்கும் எண்ணெயை வாங்காமல் விடுவது நலம். கடைக்காரரிடம் ரசீது பெறவேண்டும். காலியான டப்பாவை அறுத்துவிட்டே கழிக்கவேண்டும். இல்லாவிடில் அதே டப்பா போலிச் சரக்கை ஏந்தி மீண்டும் சந்தைக்கு வரக்கூடும்.

மாற்றும் முறை

வேலை தொடங்குமுன் அளவான ரிங் ஸ்பானர், வடிகட்டி கழற்றும் கருவி, வாயகன்ற தகரத் தட்டு, சுத்தமான புனல், பஞ்சுத் தும்பு உதிராத துணி, புதிய வடிகட்டி, வடிகால் திருகுக்குப் புதிய வாஷர், வேண்டிய அளவு எண்ணெய் ஆகியவற்றை ஒருங்கே எடுத்து வைத்துக்கொள்க. டிராக்டர்கள் பலவற்றுக்கு 6 முதல் 8 லிட்டர் வரை எண்ணெய் பிடிக்கும். சரியான அளவு கைப்புத்தகத்தில் உண்டு.

1. வண்டியைச் சமதரையில் நிறுத்துக. மேடுபள்ளமான இடத்தில் எண்ணெய் முழுவதும் வடியாது, அளவும் பிழைபடும்.

2. எஞ்சினை 5 முதல் 10 நிமிஷம் வரை ஓடவிட்டுப் பின் நிறுத்துக. வெதுவெதுப்பான எண்ணெய் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வடியும். நீண்ட உழவு முடிந்த உடனே கைவைத்தால் கை வெந்துவிடும். ஆகையால் சிறிது ஆறவிடுக.

3. பிரேக்கைப் பூட்டி, சாவியை எடுத்துவிட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க. காராயிருப்பின், ஜாக்கியை மட்டும் நம்பி அதன் கீழே நுழைவது உயிருக்கு ஆபத்து. உறுதியான தாங்கியின்மேல் நிறுத்திய பிறகே கீழே செல்லவேண்டும்.

4. வடிகால் திருகு, எண்ணெய் ஊற்றும் மூடி, வடிகட்டி ஆகியவற்றைச் சுற்றியுள்ள சேற்றையும் புழுதியையும் துடைத்துவிடுக. சேற்றுழவு முடிந்த வண்டிக்கு இது மிகவும் அவசியம்.

5. மேல்மூடியைத் திறந்து வைத்தபின், தட்டைக் கீழே வைத்து வடிகால் திருகைத் தளர்த்துக. குழாய் ஸ்பானரைக் கொண்டு நெருக்கினால் திருகின் முனைகள் மழுங்கிவிடும். கடைசிச் சுற்றுக்களைக் கையால் திருகி விரைவாக எடுத்துவிடுக. சொட்டு நிற்கும்வரை, சுமார் 15 முதல் 20 நிமிஷம், காத்திருக்கவேண்டும்.

6. திருகைத் துடைத்து, புதிய வாஷர் இட்டு, முதலில் கையாலேயே ஏற்றுக. கோணலாக ஏறினால் தொட்டியின் மரை அழியும். பின்னர் ஸ்பானரால் அளவாக இறுக்குக. பலங்கொண்ட மட்டும் இறுக்குவது திறமையாகாது.

7. பழைய வடிகட்டியைக் கழற்றுக. அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும். அதை எடுத்துவிட்டதாக உறுதி செய்துகொள்க. இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தால் எண்ணெய் முழுவதும் பீறிட்டு வெளியேறும். புதிய வளையத்தில் புதிய எண்ணெயைத் தடவி, திருகி மாட்டும் வகையாயின் வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று கையால் இறுக்குக.

8. எண்ணெயை மாற்றி வடிகட்டியை மாற்றாமல் விடுவது அரை வேலை. வடிகட்டி அடைத்துக்கொண்டால், எஞ்சின் எண்ணெயின்றி எரிந்துபோகாதபடி அதிலுள்ள மாற்று வழி திறந்துகொள்ளும். அப்பொழுது எண்ணெய் வடிகட்டப்படாமலே பேரிங்குகளுக்குச் செல்லும். வண்டி ஓடிக்கொண்டிருப்பதால் இக்கேடு வெளியில் தெரிவதில்லை.

9. கைப்புத்தகத்திற் கண்ட அளவைவிடச் சிறிது குறைவாக ஊற்றி, சில நிமிஷம் பொறுத்து, அளவுக் கோலைத் துடைத்து இட்டுப் பார்க்கவேண்டும். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கும் இடையே, மேற்கோட்டை ஒட்டி நிற்கவேண்டும். மேற்கோட்டைத் தாண்டினால், சுழலும் கிராங்க் எண்ணெயை மோர்போற் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த எண்ணெய் உறுப்புக்களைக் காக்காது. அதிகமானதை வடித்துவிடுக.

10. எஞ்சினைக் கிளப்பி, வேகம் கூட்டாமல் ஓடவிடுக. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் விளக்கு சில விநாடிகளில் அணையவேண்டும். அணையாவிடில் உடனே நிறுத்திக் காரணம் தேடவேண்டும். திருகிலும் வடிகட்டியிலும் கசிவு உண்டா என்று பார்த்து, நிறுத்தி, சுமார் 10 நிமிஷம் கழித்து மீண்டும் அளவு பார்த்துக் குறையை நிரப்புக. புதிய வடிகட்டி நிறைந்ததால் அளவு சிறிது இறங்கியிருக்கும்.

பழைய எண்ணெய் கூறும் செய்தி

வடித்த எண்ணெயைப் பாராமல் அப்புறப்படுத்தலாகாது. நாடி பார்ப்பதுபோல் அதைக் கொண்டு எஞ்சினின் நோயை அறியலாம். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் உட்புகுந்துள்ளது. ரேடியேட்டர் தண்ணீர் ஹெட் காஸ்கெட் வழியாகக் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். டீசல் வாசனை வீசி நீர்த்திருந்தால் பம்பிலோ இன்ஜெக்டரிலோ கசிவு உண்டு. விரல்களுக்கிடையே நெருநெருவென்றால் மண் புகுந்துள்ளது. காற்று வடிகட்டியையும் அதன் ரப்பர்க் குழாயையும் சோதிக்கவேண்டும். வடிகால் திருகில் பொடி போன்ற சிறிதளவு இரும்பு ஒட்டியிருப்பது வழக்கம். செதில் செதிலாகக் காணப்பட்டால் மெக்கானிக்கை அழைக்காமல் வண்டியை எடுக்கலாகாது.

அன்றாடம் அளவு பார்க்கும்போது எண்ணெய் குறைந்திருந்தால் கவலைப்படுபவர்கள், கூடியிருந்தால் மகிழ்ந்துவிடுகின்றனர். ஊற்றாத எண்ணெய் தானே கூடுவதில்லை. தண்ணீரோ டீசலோ உள்ளே சேர்கிறது என்பதே அதன் பொருள். குறைவைக் காட்டிலும் இக்கூடுதலே அதிகமாக அஞ்சத்தக்கது.

கழிவெண்ணெயை என் செய்வது?

கழிவெண்ணெயைக் கிராமங்களில் பல வகையாக உபயோகிப்பதுண்டு. கதவிலும் வேலிக் கம்பத்திலும் கறையானுக்குப் பூசுகின்றனர். கொசுவுக்கென்று குட்டையில் ஊற்றுகின்றனர். மாட்டின் புண்ணுக்குத் தடவுவாரும் உளர். இவையாவும் விடத்தக்கவை. கழிவெண்ணெயில் உலோகத் துகள்களும், தோலுக்குக் கேடு செய்யும் எரிபொருட் கழிவுகளும் கலந்துள்ளன. நாவால் நக்கும் மாட்டின் வயிற்றுக்கு அவை செல்லும். வாய்க்காலில் ஊற்றிய எண்ணெய் ஏரிக்கும், அங்கிருந்து கிணற்றுக்கும் போய்ச் சேரும். ஒரு முறை மாற்றும்போது வடியும் எண்ணெய் 10 லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லதென்று அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கூறியுள்ளது. ஏரிப் பாசனத்தையே நம்பியுள்ள உத்திரமேரூர் வட்டாரத்தில் இது சிறு விஷயமன்று.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி கழிவெண்ணெய் அபாயகரமான கழிவாகக் கொள்ளப்படுகிறது. எண்ணெய் உற்பத்தி செய்வோரும் இறக்குமதி செய்வோரும் விதிக்கப்பட்ட பங்கைத் திரும்பச் சுத்திகரிக்கச் செய்யவேண்டுமென்ற கடமை 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்தது. கழிவெண்ணெயை அழுக்கும் நீரும் நீக்கிச் சுத்திகரித்தால் மீண்டும் அடிப்படை எண்ணெய் கிடைக்கும். ஆகையால் அது வீணான பொருளன்று. தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல், மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே பெயரெழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, சேர்ந்தபின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்து ரசீது பெறவேண்டும். பழைய வடிகட்டியையும் கவிழ்த்து முற்றும் வடித்து அவ்வாறே கொடுக்கலாம். தனித்தனியே இரண்டு மூன்று லிட்டர் வைத்திருக்கும் அங்கத்தினர்களிடமிருந்து சங்கமே சேகரித்து வைப்பது எளிய வழி. வேலை செய்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். டீசலாற் கழுவுதல் தோலுக்கு ஆகாது.

கணக்கு

இவ்வளவும் கூறிய பின் எஞ்சியிருப்பது கணக்கே. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலையால் ஆள் தெரிந்தெடுத்த முறையை அவை விவரிக்கின்றன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளில் ஒன்று. பொதுப்பொருளைக் காக்க நல்லெண்ணம் மட்டும் போதாது, எழுதிய கணக்கு வேண்டும் என்பதை அவ்வூரார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

சங்க டிராக்டருக்கும் அத்தகைய ஏடு ஒன்று வேண்டும். தேதி, மீட்டரில் கண்ட மணி, எண்ணெயின் எண்ணும் தரமும், ஊற்றிய லிட்டர், வடிகட்டி மாற்றிய விவரம், பழைய எண்ணெயின் நிலை, கழிவெண்ணெய் ஒப்படைத்த விவரம், செய்தவரின் கையெழுத்து, அடுத்து மாற்றவேண்டிய மணி ஆகிய பத்திகள் போதும். அடுத்த மணியை வண்டியிலும் ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே சாயத்தால் எழுதிவைத்தால் மறதிக்கு இடமில்லை. ஒவ்வொரு மணி வாடகையிலும் ஒரு சிறு தொகையை எண்ணெய்ச் செலவுக்கென்று தனியே ஒதுக்கினால், கெடு வந்தபோது பணமில்லை என்று தள்ளிப்போட வேண்டிய நிலை நேராது.

வண்டியை வாடகைக்கு எடுக்கும் அங்கத்தினர் இந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாராக. காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் அளவுக் கோலைத் துடைத்து இட்டுக் காட்டும்படி ஓட்டுபவரைக் கேட்பாராக. இதில் கூச்சப்படவோ கோபப்படவோ ஒன்றுமில்லை. வண்டி அவருடையதும் ஆகும். அது நின்றால் காய்வது அவருடைய நாற்றே.